ஐந்தாவது கிண்ணம்

எங்கள் வீட்டில் துணிக்கும் மரத்தூளுக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு உண்டு. முன்னறை அப்பாவின் தையல் கடை. பின்பக்கம், முன்பு ஸ்கூட்டர் நிறுத்திய ஷெட்டில் அம்மாவின் லேத். அம்மா மரம் கடைந்துவிட்டு வந்தால், தூள் படிந்த மேல்கோட்டை வாசலிலேயே மாட்டிவிட்டு, தலையைத் தட்டி, கைகால் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரவேண்டும். பதிலுக்கு அப்பா ஷெட்டுக்குள் காலே வைப்பதில்லை. வெள்ளைச் சட்டைத் துணியில் ஒரு சிலாம்பு ஒட்டிக்கொண்டாலும் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குகிறவர் அவர்தானே.

அம்மா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். "வாரத்துல ஆறு நாள் ஊசியால குத்தறேன். ஏழாவது நாளாவது 'ஐயோ'ன்னு கத்தாத எதையாவது குத்தணும்" என்று சொல்லி, ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய லேத்தை வாங்கி வந்தாள். ஸ்கூட்டர் வெயிலுக்கும் மழைக்கும் பழகிக்கொண்டது. நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'விர்ர்' என்ற சத்தத்துக்குப் பழகிக்கொண்டோம்.

முதலில் வந்தவை எல்லாம் சாதாரணக் கிண்ணங்கள். வழவழவென்று, விளிம்பு ஒரே மட்டமாக. அப்பா அவற்றைக் கடையில் வைத்து ஒன்றில் பட்டன், ஒன்றில் குண்டூசி, ஒன்றில் கொக்கி என்று போட்டுவைத்தார். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "கையை விரிங்க... அந்தக் கிண்ணம் பாத்தீங்களா? என் வீட்டுக்காரி கடைஞ்சது... மடக்குங்க" என்று, அளவு பாதி, பெருமை பாதியாகப் பேசுவார்.

பிறகு அம்மாவுக்குப் பட்டைக் கிண்ணத்தின் மேல் ஆசை வந்தது. உருண்டை மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அதன் முதுகுப் பக்கம் கிண்ணத்தின் வாயாக வருகிற மாதிரி கடைவது. மரத்தின் வெளிப்பட்டை வெட்டுப்படாமல் அப்படியே விளிம்பாக நிற்கவேண்டும். மரத்தின் முதுகு வளைந்திருப்பதால் விளிம்பும் இரண்டு பக்கம் எழுந்து, இரண்டு பக்கம் தாழ்ந்து, இலை மாதிரி நெளிந்து வரும். கேட்கச் சுலபம். லேத் சுற்றும்போது அந்த விளிம்பு கண்ணுக்குப் புகை மாதிரிதான் தெரியும். உளியை ஒரு நூல் தவறாக வைத்தால் பட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும்.

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் வெட்டிய மல்பெரி மரத்திலிருந்து அம்மாவுக்கு மூன்று துண்டுகள் கிடைத்தன. பிளந்தால் ஆறு பாதி. முதலாவதன் பட்டை பறந்துபோய் வெளியே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவதில் அடி ஓட்டையாகிவிட்டது. மூன்றும் நான்கும் வெளிச்சுவர் வரை நன்றாக வந்து, உள்ளே குடையும்போது 'டப்' என்றன. ஒவ்வொரு 'டப்'புக்கும் ஷெட்டிலிருந்து "போச்சு" என்று அம்மாவின் குரல் கேட்கும். முன்னறையிலிருந்து அப்பா, "போனா போகட்டும்மா, கை பத்திரம்" என்பார். எது போனது, ஏன் போனது என்று அவருக்குத் தெரியாது. உடைந்ததெல்லாம் அடுப்புக்கட்டைக் குவியலுக்குப் போய்விடும்.

ஐந்தாவது நின்றது.

அது நின்ற நேரமும் நல்ல நேரம். கடைசல் பிரியர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை நூலகக் கூடத்தில் மேசை போட்டு, ஆளுக்கு ஒரே ஒரு கிண்ணம் வைப்பார்கள். இந்த வருடம் பட்டைக் கிண்ணம் மட்டும். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற அவர்களுடைய செயலாளரை எல்லோரும் என்ஜின் மாமா என்பார்கள். அவரே அம்மாவுக்கு போன் செய்து, "ஒரு இடம் காலியா இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்குள்ள கொண்டுவந்து வச்சிடணும்" என்று சொல்லியிருந்தார். அம்மா போனை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இரண்டு தடவை அடுப்பைத் துடைத்தாள். அவளுக்கு சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ட்யூட்டி முடித்து வந்தவள், கிண்ணத்தை ஷெட்டிலிருந்து எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. காலையில முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். பாக்கி இருந்தது எண்ணெய் பூசுவது. அதை அவள் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் முன்னறையில் 'கர்ர்... கர்ர்...' என்று ஆக்ஸா பிளேடு அறுக்கிற சத்தம் கேட்டது. அப்பா யாருக்கோ திரைச்சீலைக் கம்பி அறுக்கிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டேன். அப்போதே எழுந்து பார்த்திருக்கலாம்.

ஆறரை மணிக்கு அம்மா தலையை முடிந்துகொண்டே வந்தாள். நானும் கொட்டாவி விட்டுக்கொண்டு பின்னால் போனேன். வெட்டுமேசையின் நடுவில், கீழே ஒரு சுத்தமான துணி விரித்து, அதன்மேல் கிண்ணம் இருந்தது. விளிம்பு தண்ணீர் மட்டம் மாதிரி நேராக இருந்தது. பளபளவென்று மின்னியது. தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

"எப்படி?" என்றார் அப்பா. கழுத்தில் இஞ்ச் டேப்பும், புருவத்தில் மரத்தூளும்.

அம்மா கிட்டே வந்து விளிம்பைப் பார்த்தாள்.

"ஏறியும் இறங்கியும் கிடந்துச்சும்மா. ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் ஒண்ணரை இஞ்ச் வித்தியாசம். நீ பாவம், ட்யூட்டி முடிஞ்சு வந்து எப்ப உக்காந்து பண்ணுவே? அதான் ஸ்கேலை நிமித்தி வச்சு, சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டு, ஒரே லெவலா எடுத்துட்டேன். பிசிறெல்லாம் போயிடுச்சு. தடவிப் பாரு."

அம்மா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். வெட்டுத் துணியும் நூலும் போடுகிற கூடையில் மல்பெரிப் பட்டை துண்டு துண்டாகக் கிடந்தது.

"அப்பா," என்றேன். "அது பாவாடை இல்லப்பா."

"தெரியுதே, கிண்ணம்தான்."

"அந்தப் பட்டை இருக்கணும்ப்பா. மரத்தோட தோல் அப்படியே விளிம்பா நிக்கணும். அதுக்காகத்தான் அம்மா நாலு கிண்ணத்தை உடைச்சாங்க. இன்னைக்கு மேசையில வைக்கப்போறதே அந்த விளிம்பைத்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"டீ போடறேன்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அம்மாவுக்குக் கோபம் வந்தால் சமையலறையில் பாத்திரங்கள் பேசும். அது எங்களுக்குப் பழகிய மொழி. எந்த மூடி எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதை வைத்தே அப்பா குற்றத்தின் அளவைக் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு ஒரு ஸ்பூன்கூடச் சத்தம் போடவில்லை. மூன்று பேருக்கும் டீ வந்தது. சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "திட்டியிருந்தா பரவாயில்ல பாப்பா" என்று என் காதில் சொன்னார். எனக்கு இருபத்துமூன்று வயது. இன்னும் பாப்பாதான்.

அம்மா டீயைக் குடித்துவிட்டு மேல்கோட்டை மாட்டினாள், கண்ணாடி முகக்கவசத்தை எடுத்தாள், ஷெட்டுக்குப் போனாள். மல்பெரியின் கடைசிப் பாதி இன்னும் பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு இருந்தது. ஏழு மணிக்கு லேத் ஓட ஆரம்பித்தது.

அப்பா பின்வாசலில் நின்றார். உட்கார்ந்தார். மறுபடி நின்றார். கடையைத் திறக்கவே இல்லை. ஒரு கோட்டுக்கு ட்ரையல் பார்க்க வரவேண்டியவருக்கு போன் செய்து, "நாளைக்கு வாங்க சார், இன்னைக்கு வீட்டுல கொஞ்சம்... ஆமாம் சார், எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார்.

"உள்ள போய் மன்னிப்பு கேளுங்களேன்" என்றேன்.

"சுத்திக்கிட்டு இருக்கும்போது பேசக்கூடாது. கை பத்திரம்."

ஒன்பது மணிவாக்கில் லேத் நின்றது. 'டப்' கேட்கவில்லை. "போச்சு"ம் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியும் லேத் ஓடவில்லை. அப்பா பொறுக்கமாட்டாமல் ஷெட் கதவைத் தள்ளினார். ஏழு மாதத்தில் முதல் தடவை.

"கழுத்துல தொங்கறதைக் கழட்டிட்டு வாங்க. லேத்துல மாட்டுச்சுன்னா கழுத்தோட போகும்" என்றாள் அம்மா. டீ போடப் போனதிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா இஞ்ச் டேப்பை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வெளிப்பக்கம் முடிந்திருந்தது. கிண்ணத்தின் வாய் எங்களைப் பார்த்தபடி லேத்தில் பூட்டியிருந்தது. உள்ளே குடையவேண்டியதுதான் பாக்கி. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அப்பா.

"விளிம்பு தெரியல. எப்பவும் மதியத்துக்கு மேலதான் கடைவேன். இப்ப வெயில் ஜன்னல் வழியா நேரா கண்ணுல அடிக்குது. எது பட்டை, எது காத்துன்னு தெரியல. இதுக்கு மேல உளியை வச்சா இதுவும் போயிடும்."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். லேத்தைப் பார்த்தார். "ஒருதரம் ஓட்டு" என்றார். அம்மா ஓட்டினாள். அவர் அவளுக்குப் பின்னால் குனிந்து, அவள் கண் இருக்கிற உயரத்தில் தன் கண்ணை வைத்துப் பார்த்தார். சுற்றுகிற மரத்தின் ஓரத்தில் வெளிச்சம் மட்டும் கூசியது.

"வெள்ளை நூலை வெள்ளைத் துணிக்கு முன்னாடி பிடிச்சு ஊசியில கோக்கற மாதிரி இருக்கு" என்றவர் விறுவிறுவென்று வெளியே போனார். கோட்டு உள்பக்கத்துக்கு வாங்கிவைத்திருந்த கறுப்பு லைனிங் துணியில் இரண்டு மீட்டர் கிழித்தார். அவர் துணியைக் கத்திரி வைக்காமல் கிழித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதை ஜன்னல் முழுக்க மூடி, நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். டியூப் லைட்டைப் போட்டார். அம்மா லேத்தை ஓட்டினாள்.

கறுப்புக்கு முன்னால் விளிம்பு தெரிந்தது. நடுவில் கெட்டியான மஞ்சள் மரம். அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் புகை. புகைக்குள் இன்னும் மெல்லியதாக ஒரு கோடு, அதுதான் பட்டை.

"அடேயப்பா" என்றார் அப்பா.

"நேர் எதிர்ல நிக்காதீங்க. பறந்தா உங்க மூஞ்சிலதான் வரும். அந்தப் பக்கம் போங்க. பேசாதீங்க."

"சரிம்மா."

"பேசாதீங்கன்னேன்."

அப்பா சுவரோரமாகப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் கதவருகே. அம்மா முகக்கவசத்தை இறக்கி, உளியைப் பட்டைக்கு வெளியிலிருந்து உள்பக்கமாக, நரம்பு தேடுகிறவள் மாதிரி தொட்டும் தொடாமலும் வைத்தாள். ஈரச்சீவல் சரம் சரமாக அவள் தோளுக்கு மேல் பறந்து அப்பாவின் தலையிலும் சட்டையிலும் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, பட்டையும் மரமும் சேருகிற இடத்தில் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூன்றாவது தடவை நிறுத்தியபோது கட்டைவிரல் நகம் அளவுக்குப் பட்டை காணாமல் போயிருந்தது. அப்பா மூச்சை இழுத்தார். அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கிண்ணத்தைக் கழற்றி எடுத்தாள். இரண்டு பக்கம் எழுந்து, இரண்டு பக்கம் தாழ்ந்து, உள்ளே தேன் நிறம், பட்டைக்குக் கீழே ஒரு வெளிர்வளையம். எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார் அப்பா.

"அஞ்சாவது இதைவிட நல்லா இருந்துச்சு."

உண்மை. இது கொஞ்சம் தடிப்பு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டில் சுற்றிய கிண்ணத்தை என் மடியில் வைத்தாள். அப்பா பின் ஸீட்டில் தனியாக, தலையில் இரண்டு சீவலோடு உட்கார்ந்திருந்தார். சொல்லலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நூலகக் கூடத்துக்குள் நுழைந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வெள்ளைத் துணி விரித்த நீளமான மேசையில் பதினோரு கிண்ணங்கள் உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் ஒரு இடம் மட்டும் காலி. என்ஜின் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எங்கள் கிண்ணத்தைக் கையில் வாங்கினார். விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் ஒரு சுற்று வந்தார்.

"இன்னும் ஈரமா இருக்கே!"

"காலையிலதான் கடைஞ்சேன்" என்றாள் அம்மா.

"சுவர் தடிப்பா இருக்கு. அடுத்த தடவை இன்னும் தைரியமா குடையணும்." கட்டைவிரல் பட்டை போன இடத்தில் நின்று, கடந்து போனது. "ஆனா பட்டை நிக்குதும்மா. மல்பெரியில இப்படி நிறுத்தறது லேசு இல்ல. வைங்க." அம்மா வைத்தாள். பன்னிரண்டாவது கிண்ணம். அதை அரை இஞ்ச் நகர்த்தினாள், திரும்பப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். துடைக்க அடுப்பில்லாததால் துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"அது சரி, போன்ல வேற ஒண்ணு ரெடியா இருக்குன்னீங்களே?" என்றார் என்ஜின் மாமா.

அப்பா விறைத்தார்.

"அது வீட்டு உபயோகத்துக்கு வேணும்னு வச்சுக்கிட்டோம்" என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல்.

"இல்ல சார்," என்றார் அப்பா. "நான்தான் அறுத்துட்டேன். நான் டெய்லர். ஏத்த இறக்கமா இருக்கேன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு லெவல் பண்ணிட்டேன். மெஷின் எண்ணெய் வேற போட்டேன்."

என்ஜின் மாமா சிரிக்க ஆரம்பித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மற்ற கடைசல்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெஷின் எண்ணெயா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா காது சிவக்க நின்றார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டி, அவர் தலையிலிருந்த சீவல் இரண்டையும் எடுத்துப்போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா தானாகவே பின் ஸீட்டுக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தாள்.

"ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா உங்களுக்கு? 'இதை அறுக்கட்டுமா'ன்னு ஒரே ஒரு வார்த்தை? நான் என்ன வேற ஊர்லயா இருந்தேன்? பக்கத்து ரூம்லதானே தூங்கிக்கிட்டு இருந்தேன்!"

"ஆமாம்மா."

"எதைப் பாத்தாலும் ஓரத்தை நேராக்கணும். கல்யாண ஆல்பத்துல போட்டோவுக்கெல்லாம் ஓரம் வெட்டறேன்னு எங்க சித்தப்பாவோட ஒரு காதையே வெட்டினீங்க. இன்னைக்கும் அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பறதே இல்ல."

"அது... ஆமா."

"இவளுக்கு ஆறு வயசுல முன்முடி லெவல் பண்ணினீங்க. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு வெட்டி வெட்டி, ஸ்கூல் போட்டோவுல பொண்ணு நெத்தி மட்டும்தான் தெரியுது!"

"அதை ஏம்மா இழுக்கறே?" என்றேன் நான்.

"நீ சும்மா இரு. சத்தம் கேட்டும் எழுந்திரிக்காம தூங்கினவதானே நீ?"

முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஐந்தாவது கிண்ணத்தின் சுவர் எவ்வளவு மெல்லியதாக இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் எப்படிச் சிவந்து தெரியும், அதைப் போய், அதைப் போய், என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பாத்திரங்கள் எல்லாம் மொத்தமாகப் பேச ஆரம்பித்தது போல இருந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா" என்று தலையாட்டினார். காலையிலிருந்து தொங்கிக்கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது, நான் திரும்பி, "அப்பா, போதுமா?" என்றேன்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் நாலு ஸ்டாப் இருக்கு பாப்பா" என்றார், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "நீ சொல்லும்மா."