புது டேங்க் மூச்சு விட்ட இடம்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். நான் படகு கரையில் கட்டிக் கிடக்கும்போதே கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறவள். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பேர் பயந்தாங்கொள்ளி. கல்யாணமான புதிதில் கொஞ்சலாகச் சொன்னார், பிறகு நாலு பேர் முன்னாலும் சொல்ல ஆரம்பித்தார். சொல்லட்டும். ஆனால் அந்தப் பயந்தாங்கொள்ளிதான் அவரோடு கடலுக்குப் போகிறவள். எங்கள் படகில் நாங்கள் இருவர்தான். அவர் சுக்கான் பிடிப்பார். நான் இன்ஜினைப் பார்த்துக்கொள்வேன், வலை இழுக்கக் கை கொடுப்பேன்.

கொஞ்ச காலமாகக் கரைப் பக்கம் மீன் இல்லை. எல்லாம் வெளிக்கடலுக்குப் போய்விட்டது. எங்கள் டேங்கில் பிடிக்கிற டீசல் அவ்வளவு தூரம் போய்வரக் காணாது. அப்போதுதான் என் கொழுந்தன் ஒரு யோசனையோடு வந்தான். அவன் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பேர் எல்லோருக்கும் மறந்துபோய், இப்போது ஸ்பேனர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"இன்னொரு டேங்க் வச்சிடலாம்ணே. பெருசு வேணாம், பழசுல பாதி இருந்தா போதும். போறதுக்கும் பாதி வழி திரும்பறதுக்கும் பழசு, மிச்ச வழிக்குப் புதுசு."

இவருக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. நான் உட்காரும் பலகைக்குப் பின்னாலேயே, இன்ஜினுக்குப் பக்கத்தில், அந்தத் தகர டேங்கைக் கொண்டுவந்து போல்ட் போட்டு இறுக்கினான். இன்ஜினுக்குப் போகிற குழாய், இன்ஜினிலிருந்து திரும்பி வருகிற குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக மாட்டினான். எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று திருப்பிவிட ஒரு வால்வும் வைத்தான். கடைசியில் துளை போடும் மிஷினோடு படகின் பக்கவாட்டுக்கு வந்தான்.

"அங்க எதுக்குடா?" என்றேன்.

"டேங்க் மூச்சு விடணும்ல அண்ணி. எண்ணெய் உள்ள போனா காத்து வெளிய வரணும். அதுக்கு இந்தக் குழாய். சின்னதா ஒரு துளை போட்டு வெளிய விட்டுடுறேன்."

"படகுல ஓட்டையா? நான் இருக்கற வரைக்கும் நடக்காது!"

"தண்ணிக்கு மேலதான் அண்ணி. விரல் நுழையற அளவுதான்."

"விரல் நுழைஞ்சா கடல் நுழையாதா?"

அண்ணனும் தம்பியும் சிரித்த சிரிப்பு துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் இவர். "விடுடா. இவ என்னைத் தூங்க விடமாட்டா. ஓட்டையை அப்புறம் பாத்துக்கலாம்." ஸ்பேனர் அந்த மூச்சுக் குழாயின் நுனியைத் தரைப்பலகைக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தொங்கவிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பள்ளத்தில் ஒரு பம்பு உண்டு. அதுவும் என்னால் வந்ததுதான். எந்தப் படகிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேரும். முன்பெல்லாம் வாளியால் இறைப்போம். வலை வேலைக்கு நடுவே மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தே எனக்குச் சோறு இறங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்து, சண்டை போட்டு அந்தப் பம்பை வாங்க வைத்தேன். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பம்பு தானாக உறுமி மேலே ஏறியதைக் கடலில் கொட்டிவிட்டுத் தானாக நிற்கும். அந்த உறுமல் கேட்டால்தான் எனக்கு மூச்சே சீராக வரும்.

புது டேங்கோடு கிளம்பிய அன்று இரண்டு டேங்கிலும் கழுத்து மட்டும் டீசல். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம், "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவோம், கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள்ளேயே டீசல் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"ஏங்க, நாத்தம் வருதுங்க."

"புது டேங்க் வேற எப்படி மணக்கும்? மல்லிகைப்பூ மாதிரியா?"

பம்பு உறுமியது, நின்றது. நான் சமாதானமானேன். மற்றவர்களின் வலை மிதவைகள் பின்னால் போயின. கரை ஒரு கோடாகித் தேய்ந்து, பிறகு அதுவும் இல்லை. பழைய டேங்க் மட்டும் இருந்த காலத்தில் இவர் அடிக்கடி அளவுக்கம்பியை விட்டு எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பார். அன்று கம்பியைத் தொடவே இல்லை. பாட்டு வேறு. நாங்கள் வழக்கமாகத் திரும்பும் இடமும் வந்துபோனது. தண்ணீர் கருநீலமானது. நான் இதற்கு முன் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை.

பம்பு மறுபடி உறுமியது. நின்ற கொஞ்ச நேரத்தில் மறுபடி. பிறகு மறுபடி.

"பம்பு ஓயாம ஓடுதுங்க. எங்கயோ தண்ணி வருது."

"அடியில விசிறியைச் சுத்தற ஷாஃப்ட் வழியா கொஞ்சம் கசியத்தான் செய்யும். தூரமா ஓடுறோம்ல? நீ ஆசைப்பட்டு வாங்கின பம்பு, ஓடட்டும் விடு."

கசிவு என்றால் இத்தனையா? ஆனால் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்கே என் பயத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பம்பு ஓடுகிற வரைக்கும் மூழ்கமாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீன் இருக்கும் என்று சொன்ன இடம் வந்ததும் இன்ஜினை நிறுத்தினார். பம்பும் கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது. சுற்றிலும் சின்னச் சின்ன அலை. ஆனால் எங்கள் படகை ஒட்டி மட்டும் கடல் வழவழவென்று அடங்கிக் கிடந்தது.

"பாத்தியா? கடலே நமக்கு வழி விட்டு அடங்கி நிக்குது" என்று வலையை எடுக்கக் குனிந்தார்.

எனக்கு அந்த அடக்கம் பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஏடு படர்ந்திருந்தது. கையை விட்டு எடுத்தேன். வழுக்கியது. மோந்து பார்த்தேன். அப்படியே ஓடிப்போய்த் தரைப்பலகையைப் பெயர்த்தேன். பள்ளம் நிறைய எண்ணெய். கொஞ்சம் தண்ணீரும் இருந்திருக்கலாம், ஆனால் மேலே பளபளத்தது முழுக்க டீசல். மூச்சுக் குழாயின் நுனியிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஐயோ! தண்ணி இல்லைங்க. டீசல்! பம்பு இத்தனை நேரமும் நம்ம டீசலைத்தான் கடல்ல கொட்டிக்கிட்டு வந்திருக்கு!"

அவர் வலையைப் பலகையிலேயே போட்டுவிட்டு வந்தார். இன்ஜினிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிக்கொண்டே போனார். இன்ஜின் உறிஞ்சுகிற எண்ணெய் எல்லாவற்றையும் எரிக்காது, மீதியைத் திருப்பி அனுப்பும். எடுத்த டேங்குக்கே அது திரும்பிப் போக வேண்டும். அவர் விரல் அந்தத் திரும்புகிற குழாயோடு போய்ப் புது டேங்கில் நின்றது. பழைய டேங்கிலிருந்து எடுத்து, ஏற்கெனவே கழுத்து மட்டும் நிறைந்திருந்த புது டேங்கில் மீதியைக் கொட்டியிருக்கிறோம். அது நிறைந்து மூச்சுக் குழாய் வழியாகப் பள்ளத்தில் வழிந்திருக்கிறது. அந்த நுனி வெளியே இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். ஓட்டை வேண்டாம் என்று நான்தானே அடம்பிடித்தேன்? பம்பு இல்லாமல் இருந்திருந்தால் எண்ணெயாவது உள்ளேயே கிடந்திருக்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன்.

அளவுக்கம்பியைப் பழைய டேங்கில் விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் ஈரம்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆனாலும் ஒரு கிண்டல் வரும் முகம் அது. அன்று ஒன்றும் வரவில்லை.

"புதுசுல இருக்கறது வீடு வரைக்கும் வருமா?"

"வராது."

"எது வரைக்கும்?"

"கரை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் வந்தா பெருசு."

வயர்லெஸ்ஸை எடுத்துக் கூப்பிட்டார். இரைச்சல்தான் பதில். அந்தத் தூரத்துக்கு எங்களைப் போன்ற சின்னப் படகு எதுவும் வருவதில்லை. நங்கூரத்தைப் போட்டாலும் கயிறு தரை தொடாது. எண்ணெய் தீர்ந்தால் காற்று தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான், காற்றோ கரையிலிருந்து அடித்தது. அவர் பீடியை எடுத்தார். தீப்பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன்.

"பள்ளம் நிறைய டீசலை வச்சுக்கிட்டு பீடியா? மூளை இருக்கா உங்களுக்கு?"

திட்டியதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இதுல இருக்கறதும் நம்ம டீசல்தானே? அள்ளலாம்" என்றேன். முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பம்பு மறுபடி ஓடினால் மிச்சமும் போய்விடும். சண்டை போட்டு வாங்கிய அந்தப் பம்பின் வயரை என் கையாலேயே பிடுங்கினேன். இனித் தண்ணீர் ஏறினால் என்னைத் தவிர அதை வெளியேற்ற ஒன்றும் இல்லை.

அவர் வால்வைப் புது டேங்குக்குத் திருப்பினார். எடுப்பதும் திரும்புவதும் ஒரே டேங்க் என்பதால் இனி வழியாது. ஆனால் அந்த டேங்க் எங்கள் தூரத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. இன்ஜினை முனகுகிற அளவுக்கு மட்டும் ஓடவிட்டுக் கரைப் பக்கம் திரும்பினோம். வலை நனையவே இல்லை.

நான் பள்ளத்துக்குள் குனிந்தேன். குவளையால் அள்ளிக் குடிதண்ணீர் கேன்களில் ஊற்றினேன். கேனை அசையாமல் மடியில் பிடித்தால் தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் மேலே ஏறும். படகு ஆடுகிற ஆட்டத்தில் அது ஏறுவதற்குள் உயிர் போய்விடும். மேலே நின்றதை மட்டும் தலையில் கட்டியிருந்த துணியில் வடிகட்டிப் பழைய டேங்கில் ஊற்றினேன். அடித்தண்ணீரைக் கடலில் கொட்டினேன். வாந்தி எடுத்தேன், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. எண்ணெயும் வேண்டும், தண்ணீரும் ஏறக்கூடாது. பலகை ஓரம் வரை ஏறிவிட்டதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டே அள்ளினேன். காற்று ஏற ஏற, அலை முகப்பில் அறைந்து ஒவ்வொரு முறையும் கேனில் பிரிந்ததைக் கலக்கிவிட்டது. அழுதேன். அழுதுகொண்டேதான் அள்ளினேன்.

"ஏய், இருக்கியா?" என்று சுக்கான் பக்கமிருந்து அவர் அடிக்கடி கேட்டார். இரண்டடி தூரத்தில் இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? "இருக்கேன், இருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்லாவிட்டால் குரல் மாறிவிடும் அவருக்கு.

கரை கோடாகத் தெரிந்தபோது புது டேங்க் தீர்ந்தது. இன்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றது. அந்த அமைதியில் காற்று எங்களை வந்த வழியே பின்னுக்குத் தள்ளுவது தெரிந்தது. அவர் வால்வைப் பழைய டேங்குக்குத் திருப்பினார். திரும்புகிற குழாயையும் கழற்றிப் பழைய டேங்கின் வாயில் சொருகித் துணியால் கட்டினார். நான் குழாயில் ஏறிய காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். பிடிக்கவில்லை. மறுபடியும் பிடிக்கவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிய இறுக்கில் வலித்தது. அடுத்த தடவை கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது.

என் தலைத்துணியில் வடிந்த எண்ணெய்தான் எங்களைத் துறைமுக வாய் வரைக்கும் கொண்டுவந்தது. அங்கே நின்ற இன்ஜின் மறுபடி ஓடவில்லை. ஓடி வந்த வேகத்திலேயே படகு உள்ளே நழுவியது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் படித்துறையில் நின்று கயிற்றை வீசினான்.

"என்ன அண்ணி, மீன் பொட்டி காலியா இருக்கு? டேங்க் எப்படி?"

வழி முழுக்க அவனுக்காக நான் சேர்த்து வைத்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. வாயைத் திறப்பதற்குள் இவர் ஒரு கேனை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "மோந்து பாரு." மோந்தான். படகுக்குள் இறங்கினான். கட்டி வைத்த குழாயைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான்.

"அடிங்கண்ணே" என்றான்.

இவர் கையை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே இறக்கி, படித்துறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு அந்தத் துளையைப் போட்டுடுடா" என்று நான் சொன்னேன். "விரல் நுழையற அளவு."

மறுநாள் சாயங்காலம் இருவரும் வீட்டில் படுத்துக் கிடந்தோம். உடம்பு முழுக்க இன்னும் டீசல் வாடை. எப்போது கண் அசந்தேனோ தெரியாது. திடீரென்று ஒரு உறுமல். எழுந்து நான் கதவுக்கு ஓடுவதற்குள் இவர் என்னை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். செருப்பு இல்லை, வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. கொல்லையில் எங்கள் மகள், மோட்டார் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி எங்களை விழித்துப் பார்த்தாள்.

"மாடித் தொட்டிக்குத் தண்ணிதாம்ப்பா ஏத்தறேன்."

"தெரியுதும்மா" என்றார் அவர். சுவரைப் பிடித்துக்கொண்டார். "தெரியுது. ஆனா இப்ப அதை நிறுத்திடு."