மாவுக்கோடு

"மாவைத் தொடாதேங்கறேன்ல—"

"தொட்டாச்சு. கையை எடு அண்ணா."

"டெல்ஃபினா, ஊர் சிரிச்சது பத்தாதா உனக்கு? மறுபடியும் அதே மாவு, அதே மைதானம்—"

"சுண்ணாம்பு இருந்தா நான் ஏன் மாவைத் தேடறேன்? ஷெட்ல போய்ப் பாரு, கல்லாக் கிடக்கு. சுத்தியலால உடைச்சுக் கோடு போடறியா?"

மூட்டையின் ஒரு காதை டெல்ஃபினாவும் மறு காதை அவள் அண்ணன் நசரேனோவும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் எண்பதை நெருங்குகிறவர்கள். யார் விட்டாலும் மற்றவர் விழுந்துவிடுவார் என்ற நிலை. மொலினோ நோர்தே கால்பந்துக் கிளப்பின் அடுக்களையில் இருந்த பெண்கள் மாவு பிசையும் கையோடு வேடிக்கை பார்த்தார்கள். இரவெல்லாம் மழை. மழை பெய்தால் ரொட்டி பொரிப்பது அங்கே வழக்கம், அதற்குத்தான் அந்த மாவு வந்தது. அதே மழை ஷெட்டின் கூரையில் ஒழுகி, கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பை இறுக்கிவிட்டது. நடுவர் வந்து காரிலேயே உட்கார்ந்திருந்தார். கோடு இல்லையென்றால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப் ஜெயித்ததாகிவிடும். மொலினோ நோர்தேயோ இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட மேல் பிரிவுக்கு ஏறாத கிளப். இன்று பெண்கள் அணி ஏற்றிவிடும் என்று ஊர் காத்திருந்தது.

இந்தக் கிளப்பை ஆரம்பித்தவர்கள் மாவு ஆலைத் தொழிலாளிகள். ஆலைக்குப் பின்னால் கோதுமை காயப்போட்ட களம்தான் மைதானம். முதல் சட்டைகளை மாவு மூட்டைத் துணியில் தைத்தார்கள். வியர்த்தால் முதுகில் ஆலை முத்திரை தெரியுமாம். சுண்ணாம்பு கிடைக்காதபோது ஆலையில் கூட்டியள்ளிய மாவைக் கோடாகப் போடுவது அவர்களுக்கு வழக்கம். ஆலை இருக்கிற இடத்தில் புறாவும் இருக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அறுபத்திரண்டாம் வருடம் அப்படித்தான் ஆனது. மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் டெல்ஃபினாவின் கணவர் எவாரிஸ்தோ. காலையில் மாவில் கோடு போட்டார். முதல் பாதி முழுக்கக் கோடு இருந்தது. இடைவேளையில் ஊரே, ரொட்டிக்குள் சோரிஸோ தொத்திறைச்சி வைத்த சோரிபான் தின்னப் போனது. எவாரிஸ்தோ நடுவருக்குத் தண்ணீர் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது ஆலைப் பக்கத்துக் கோலில் கோடு இல்லை, கொழுத்த புறாக்கள்தான் இருந்தன. ஆட்டம் முடிகிற நேரத்தில் நசரேனோ அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா? நடுவர் குனிந்து பார்த்தார். "எந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னு நான் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, கோல் இல்லை என்றார்.

அதன்பிறகு எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் சோளத்தை வீசிப் புறா மாதிரி குனுகினார்கள். கேட்டுக் கேட்டு ரோஷம் தேய்ந்து, கிளப்பே தன் சட்டையில் புறாவைக் குத்திக்கொண்டது. புறாவை மன்னித்த ஊர் எவாரிஸ்தோவை மன்னிக்கவில்லை. நசரேனோ தங்கை வீட்டு மேசையில் உட்கார்ந்து மாத்தே தேநீர் குடித்ததே இல்லை. வாசலோடு பேசிவிட்டுப் போவார். எவாரிஸ்தோவின் சாவுக்கு வந்தார். பெட்டிக்குத் தோள் கொடுக்கவில்லை.

"உன் பேத்திதானே இன்னைக்கு முன்னால ஆடறா?" என்றாள் டெல்ஃபினா, மூட்டையை விடாமல்.

"ஆமா. அதனாலதான் சொல்றேன். லுட்மிலாவுக்கும் என் கதி வேணாம்."

"அப்ப கோட்டை நான் போடறேன், காவல் நீ இரு. ஆலைப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால நாற்காலி போட்டு உட்காரு. ஒரு புறா இறங்கினாலும் உன்னைத்தான் கேப்பேன்."

"நான் என்ன சோளக்கொல்லை பொம்மையா?"

"பொம்மை வாயை மூடிட்டு நிக்கும். உன்னால முடியாது."

அடுக்களையில் சிரிப்பு எழுந்தது. நசரேனோவின் கை தளர்ந்தது.

ஓட்டை போட்ட டின்னில் மாவை நிரப்பி, கட்டிய கயிற்றோரமாக டெல்ஃபினா குனிந்து நடந்தாள். எவாரிஸ்தோவுக்காகக் கயிறு பிடித்த கைதான், அளவு மறக்கவில்லை. ஈர மண்ணில் மாவு ஒட்டிக்கொண்டு பளீரென்று நின்றது. ஆலைக் கூரையில் புறாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"பாத்துக்கிட்டே இருக்குதுங்க," என்றார் நசரேனோ.

"நாமளும் பாப்போம்."

அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. ஆட்டம் தொடங்கியதும் அடுக்களையிலிருந்து ஒரு பானை மூடியையும் கரண்டியையும் எடுத்து வந்து கோட்டருகே தட்டினாள், அவ்வளவுதான். ரசிகர் கூட்டத்தில் பெரிய மேளம் வைத்திருந்தவர்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் வாணலியோடு வந்தார்கள். மைதானத்தைச் சுற்றி ஊரே நின்று தட்டியது. இடைவேளை வந்தது; ஒருவர் நகரவில்லை. அடுப்பில் சோரிஸோக்கள் கருகிப் புகைந்தன. யார் வீட்டுச் சொத்தோ என்று விட்டுவிட்டார்கள். கோலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து நசரேனோ தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே இருந்தார். தோள் வலித்ததும் கை மாற்றிக்கொண்டார். எதிர்க் கூட்டம் குனுகிப் பார்த்தது. மேளத்தில் அது அவர்களுக்கே கேட்கவில்லை.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். யாரும் கோல் போட்டிருக்கவில்லை. லுட்மிலா இரண்டு பேரைத் தாண்டி ஆலைப் பக்கத்துக் கோலை நோக்கி அடித்தாள். பந்து மேல்கம்பத்தில் பட்டது, நேராகக் கீழே விழுந்தது, வெளியே எகிறியது.

மேளம் நின்றுபோனது. எதிரணிப் பெண்கள் கோல் இல்லை என்று கையை ஆட்டினார்கள். நடுவர் ஓடி வந்து குனிந்தார். வெள்ளைக்கோடு முழுசாக இருந்தது. அதற்கு ஒரு சாண் உள்ளே, சேற்றில் பந்து விழுந்த உருண்டைக் குழி, தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நடுவர் நிமிர்ந்து விசில் ஊதி, நடுவட்டத்தைக் காட்டினார். கோல்!

அதற்குப்பிறகு என்ன நடந்ததென்று ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் பெண்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, சைரன் அலற ஊரைச் சுற்றக் கிளம்பினார்கள். வண்டி மேலிருந்து லுட்மிலா கத்தினாள்: "தாத்தா, வாங்க!" நசரேனோ கையை மட்டும் ஆட்டினார். எழுந்திருக்கவில்லை. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டும் மேளமும் தெருப்பக்கம் போய்விட, மைதானம் காலியானது. கூரையிலிருந்து ஒரு புறா இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தமும் சிறகடித்து இறங்கி, கோட்டை ஒரு முனையிலிருந்து கொத்த ஆரம்பித்தன. நசரேனோ பதறித் தொப்பியை ஓங்கினார். டெல்ஃபினா அவர் கையைப் பிடித்து இறக்கினாள். உடம்பெல்லாம் மாவோடு அந்த நாற்காலியின் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"தின்னட்டும் விடு," என்றாள். "அன்னைக்கும் இப்படி ஒரே ஒருத்தர் இங்க உக்காந்து தொப்பியை ஆட்டியிருந்தாப் போதாதா அண்ணா?"