கோட்டிங் மேல் பிலிம்

பெயர்ப்பலகையில் பிலிம் முதலில் வருவதா, கோட்டிங் முதலில் வருவதா என்று தொடங்கிய சண்டை அது. அக்காவைக் கட்டியவர் கீறல் விழாமல் இருக்கக் காரின் பெயின்ட் மேல் பிலிம் ஒட்டுபவர். தங்கையைக் கட்டியவன் பளபளப்புக்குச் செராமிக் கோட்டிங் பூசுபவன். ஒரே ஷெட்டில் இருந்துகொண்டு சகலைகள் இருவரும் மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் வீட்டில் சொன்னால் அக்கா தங்கைக்குப் போன் போடுவாள், தங்கை புருஷன் காதில் ஓதுவாள். நல்ல பிழைப்பு!

இந்த லட்சணத்தில்தான் ஷோரூம் மேனேஜர் பிலிம், கோட்டிங் இரண்டுக்குமாகப் புதுக் கறுப்புக் கார் ஒன்றை அனுப்பியிருந்தார். வேலை பிடித்துப்போனால் அவர்கள் விற்கிற கார் எல்லாமே இங்கேதான் வரும். பிலிமுக்குக் கிராக்கி குறைந்துகொண்டே வந்தது. இதுவும் கைநழுவினால் ஷெட்டில் பிலிம்காரருக்கு வேலையே இல்லை.

காலையில் பிலிம்காரர் வந்து பார்த்தால் கார் தகதகவென்று மின்னியது. முதலில் பிலிம், அதன்மேல்தான் கோட்டிங். கோட்டிங் போட்ட பெயின்ட்டில் பிலிமின் பசை பிடிக்காது. சகலை முந்தின நாளே போட்டுக் காயவைத்திருந்தான்.

"கேட்டுட்டுச் செய்யணும்னு தோணாதா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டி வந்து நின்னுது. யாரும் ஒண்ணும் சொல்லல. போட்டேன்" என்று சகலையும் சுவருக்கே பதில் சொன்னான்.

கோட்டிங்கைப் பாலிஷ் மெஷினால் தேய்த்து எடுத்துவிடலாம். மெஷின் பிடிக்கத் தெரிந்தவன் சகலைதான். 'கொஞ்சம் தேச்சுக் குடுப்பா' என்றால் போதும். இவனிடம் போய்க் கெஞ்சுவதாவது! சோப்புத் தண்ணீரை அடித்து, பானெட்டில் பிலிமை விரித்து, ரப்பர் கட்டையால் வீம்புக்கு இழுத்தார். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் கிளம்பியது. சூடு ஊதும் ஹீட் கன்னைக் காட்டினார், ஓரமெல்லாம் சுருண்டது. மதியம்வரை இதே கூத்துதான்.

மேனேஜர் வந்து பானெட்டைத் தடவினார். பிலிம் வழுக்கிக்கொண்டு அவர் கையோடு வந்துவிட்டது.

"என்ன இது?"

"இவன் கோட்டிங்க முன்னாடியே போட்டுட்டான் சார். இதுமேல எதுவும் ஒட்டாது." போட்டுக்கொடுத்த திருப்தி பிலிம்காரர் முகத்தில் வழிந்தது.

"எதுவுமேவா? சேறு, பறவை எச்சம்?"

"தண்ணி ஊத்தினா போயிடும் சார்" என்று முந்திக்கொண்டான் சகலை.

"பிலிம் இல்லன்னா கல்லு பட்டாக் கீறும் சார்…"

"கல்லு படுறது அவங்கவங்க நேரம். அழுக்குக்குத்தான் கஸ்டமர் எங்க உயிர வாங்குறாங்க. எங்களுக்குக் கோட்டிங் மட்டும் போதும். எல்லா வண்டியும் இவர்கிட்டயே வரட்டும்."

மேனேஜர் சகலையின் கையைக் குலுக்கினார். அந்தக் கையை முறித்துப் போடலாம் போலிருந்தது பிலிம்காரருக்கு. தன் வாயையும் சேர்த்துத்தான்.

மேனேஜர் போனதும் சகலை பிலிம்காரர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உங்க பிலிம் ரோலு, மேஜை எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துருங்க. வண்டி நிறுத்த இடம் வேணும்."