சுமங்கலியிடம் கேட்கக் கூடாத கேள்வி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. பெரியபாளையத்தில் பஸ் டயர் வெடித்ததால் கிடைத்தது. நான் கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் தேசிகன், திருவள்ளூர்க்காரர். காலையில் கோயிலில் பிரபந்தம் சேவித்துவிட்டு, பிறகு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவர். நெற்றியில் திருமண், மடியில் துணிப்பை. மாற்று டயரிலும் காற்றில்லை என்று கண்டக்டர் கையை விரித்ததும் எல்லாரும் இறங்கி வேப்பமரத்தடிக்குப் போனோம். நான் கேட்காமலேயே அவர் ஆரம்பித்தார்.

கேட்காமல் கதை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் அந்த ரகம்தான் என்பதால் தெரியும்.

நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளம், ஏரி உடைப்பு, பிணம் தேடியது, எல்லாம் அவர் சொன்ன கதையில் இருந்தன. ஆனால் 'செத்தார்' என்ற சொல் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கதையில் வந்த பெண்ணைப் பற்றி, "கடைசியில அந்தம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டேன். "க்ஷேமமா இருக்கா" என்றார்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவர் வீட்டில் அரிசிப்பானை காலியானால் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்வார்கள். விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள், அமர்த்து என்பார்கள். அமங்கலமாக ஒன்றைச் சொன்னால் அது நடந்துவிடும் என்று பயம். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த க்ஷேமம் எந்த க்ஷேமம்?

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு என் கையில் இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன். பிறகு என் சட்டையைப் பிடிக்காதீர்கள்.

2

முதல் வரி: "எழுபத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம், அந்த ஏரி தன் பொறுமையை —"

[அடித்துவிட்டேன். ஏரிக்குப் பொறுமை, கோபம், வயிறு என்று வைக்கத் தொடங்கினால் நிற்காது. உடைந்தது, அவ்வளவுதான்.]

இன்னொரு முதல் வரி: "கெங்கம்மாளின் அகன்ற கண்கள் —"

[நான் எங்கே பார்த்தேன்? தேசிகனும் அவள் முகத்தை நேராகப் பார்த்திருக்கமாட்டார்.]

சரி, நடந்ததை மட்டும் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு ஊர். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது போய் விசாரிப்பீர்கள். விடாத மழையில் ஏரிக்கரை கரையத் தொடங்கியதும் ஊர் ஆண்கள் மணல் மூட்டையோடு ஓடினார்கள். முனுசாமியும் ஓடினான். கரை உடைந்தது. சிலர் நீந்தி வந்தார்கள். சிலருடைய உடல் தண்ணீர் வடிந்த பிறகு முள்ளுக்காட்டில் கிடைத்தது. முனுசாமி வரவுமில்லை, கிடைக்கவுமில்லை.

அவன் பெண்சாதி கெங்கம்மாள் சோறு தின்பதை விட்டாள். படுத்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். உடல் கிடைக்காவிட்டால் வைக்கோலில் ஆள் கட்டி எரித்துக் கருமாதி செய்துவிடுவது அந்த ஊர் வழக்கம். முனுசாமியின் தம்பி பச்சையப்பன் வைக்கோல் ஆளையும் கட்டிவிட்டான். கெங்கம்மாள் தாலியைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

"அவுரு வந்து நின்னா அவுரு மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

(பச்சையப்பனுக்கு அண்ணன் நிலத்தின்மேல் கண் என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது. உங்களுக்கும் ஒரு வில்லன் கிடைப்பான். ஆனால் அண்ணி கதவைத் திறக்காத நாட்களிலெல்லாம் வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போனவன் அவன்தானாம். அதனால் அவன்மேல் வைத்த சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன். கொஞ்சம் மட்டும் கைவசம் இருக்கட்டும்.)

3

பொங்கல் கழிந்து வேன் வந்தது.

அந்த வருஷம் எமர்ஜென்சி. வேன் என்றாலே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் வேன்தான். வெள்ளை வண்டி புழுதி கிளப்புவதைப் பார்த்த உடனே ஆண்களெல்லாம் கரும்புக்குள் மறைந்தார்கள். இறங்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. டாக்டர் ஹெல்கா, நார்வே தேசம். பின்னாலேயே, அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதற்காக, நம் தேசிகன்.

"ஆபரேசனுக்கு இல்லன்னா பின்ன இன்னாத்துக்கு வந்துக்கிறாங்க?" என்றாள் குப்பம்மாள். கெங்கம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரி.

"வெள்ளத்துல மாட்டிண்டவாளோட மனசுக்கு வைத்தியம் பண்றாம்மா" என்றார் தேசிகன்.

"மனசுக்கு இன்னா சாமி வந்துது? ஊடுதான் பூட்ச்சி."

தொழிற்சாலை கட்ட நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. கிறிஸ்துவ வேதத்தில் சேர்க்க வந்திருக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. உண்மை இரண்டையும்விட நம்பமுடியாததாக இருந்தது. பணம் நார்வேயுடையது. கேள்விகள் ஜப்பானில், புயலடித்த ஒரு மீனவ ஊரில் கேட்டுப் பார்த்துத் திருத்தப்பட்டவை. மேற்பார்வை மெட்ராஸ் மனநல டாக்டர் துளசிராமன். சனிக்கிழமைதோறும் வருவதாகச் சொல்லிவிட்டு வராமலிருந்தவர்.* மூன்று தேசங்களுக்கு நடுவே கட்டப்பட்ட அந்தப் பாலம் —

[பாலம் வேண்டாம். மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது.]

மூன்று தேசத்து மூளையும் கடைசியில் தேசிகனின் வாய் வழியாகத்தான் கெங்கம்மாள் காதுக்குப் போகவேண்டும். அந்த வாயைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே.

* இப்படியொரு கூட்டுத் திட்டம் நிஜமாக நடந்ததா என்று தேடாதீர்கள். நான் தேடவில்லை. தேசிகன் கட்டியதாகவோ நான் கட்டியதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

4

ஹெல்கா நல்லவர். அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. நல்ல வெள்ளைக்காரி, கதையில் சும்மா வரமாட்டாள். பல தடவை எழுதிப் பார்த்தேன், அவரிடம் ஒரு கெட்ட எண்ணமும் அகப்படவில்லை. சாணி மெழுகிய தரையில் சப்பணமிட்டு உட்கார வராமல் காலை நீட்டி உட்கார்ந்தாராம். கெங்கம்மாள் கொடுத்த மோரைக் குடித்தாராம்.

பிறகு கேள்வி கேட்டார்: "உங்கள் கணவர் இனித் திரும்பமாட்டார் என்பது எப்போது உங்களுக்குப் புரிந்தது?"

இதுதான் வைத்தியமே. அந்தப் பதிலை அவளே வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால் அழுவாள், அழுதால் தூங்குவாள். ஜப்பானில் அப்படித்தான் நடந்ததாம்.

தேசிகன் எதிரே பார்த்தார். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு.

"என் நாக்கு புரளலை சார்" என்றார் என்னிடம், வேப்பமரத்தடியில்.

கெங்கம்மாளிடம் அவர் கேட்டது இது: "ஒன் வீட்டுக்காரர் எப்போம்மா வருவார்?"

சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வருவாரா சாமி?"

"நீ என்ன நெனைக்கறே, அதைச் சொல்லு. டாக்டரம்மா கேக்கறா."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

தேசிகன் ஹெல்கா பக்கம் திரும்பி, "இன்னும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

(பொய் என்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தேன். எந்த வாக்கியமும் பொய்யில்லை. அதனால் அவர்மேல் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.)

5

கெங்கம்மாளுக்குக் குணமாகிவிட்டது.

சாப்பிட்டாள். படுத்துத் தூங்கினாள். தலைக்குக் குளித்துப் பூ வைத்தாள். வேன் வரும் நாட்களில் வாசலுக்கே வந்து நின்றாள். ஹெல்கா பூரித்துப்போனார். நார்வேக்கும் ஜப்பானுக்கும் நல்ல சேதி போனது.

"தூங்கினீர்களா?"

"நல்லாத் தூங்குனேன்."

"சாப்பிட்டீர்களா?"

"ரெண்டு பேருக்கு ஆக்கி வெச்சிட்டு நான் மொதல்ல துன்னுட்டேன்."

தேசிகன் பின்பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் போட்ட கணக்கு வேறு. அதைக் குப்பம்மாளிடம் மட்டும் சொன்னாள். "படிச்ச மனுசன், கோயில் சாமி, வெள்ளக்காரம்மாவப் பக்கத்துல வெச்சிக்கினு கேக்கறாரு, எப்ப வருவாருன்னு. இல்லாதவன எவனாச்சும் எப்ப வருவான்னு கேப்பானா? வெள்ளத்துல தப்பிச்சவங்கள லாரில ஏத்திக்கினு போனாங்கன்னு பேசிக்கினாங்க இல்ல? ஆபரேசனுக்கு எங்கியோ வெச்சிக்கிறாங்க. இவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நம்மள வந்து எதுக்குடி கேக்கறாங்க?"

"வாயப் புடுங்கறாங்க. நாம எம்மா நாளு பொறுப்போம்னு பாக்கறாங்க."

பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் வேனில் போன ஆண்கள் நிஜமாகவே இருந்தார்கள். அவளுடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. என்னுடையதற்குத்தான் இல்லை, அது தொழில் புத்தி.

6

குழு கிளம்பும் நாளன்று துளசிராமன் ஒருவழியாக வந்து சேர்ந்தார். பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், கெங்கம்மாள் முறை முடிந்ததும் தேசிகனை வெளியே கூப்பிட்டார்.

"இப்ப அந்தம்மாவ என்ன கேட்டீங்க?"

"டாக்டரம்மா கேட்டதைத்தான்."

"வரமாட்டார்னு எப்ப புரிஞ்சுதுன்னு கேக்கணும் சார். நீங்க எப்ப வருவார்னு கேக்கறீங்க. மொதல்லேர்ந்து இப்படித்தானா?"

"ஒரு சுமங்கலியைப் பார்த்து அதை எப்படிக் கேக்கறது டாக்டர்? கேட்டுட்டு, நாளைக்கு அவர் வந்து நின்னார்னா?"

துளசிராமன் நேரே வேனுக்கு நடந்தார். ஹெல்காவிடம் போய் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். ஹெல்கா வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லையாம். முகம் மட்டும் சிவந்ததாம்.

"நானே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றார் துளசிராமன்.

"வேண்டாம்" என்றார் ஹெல்கா. "உங்களை அவளுக்குத் தெரியாது. இவரைத்தான் நம்புகிறாள். இவர் கொடுத்ததை இவர்தான் திருப்பி வாங்கவேண்டும்."

இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கெங்கம்மாள் வந்தாள். கையில் மூட்டை. ஹெல்காவைச் சுற்றிக்கொண்டு வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மூட்டையில் முனுசாமியின் வேட்டி, சட்டை, துண்டு. துவைத்து மடித்தது.

"போலாம் சாமி."

"எங்கேம்மா?"

"அவுர வெச்சிக்கிற எடத்துக்கு. நான் சண்ட போடமாட்டேன். யாரையும் ஒரு வார்த்த கேக்கமாட்டேன். ஆபரேசன் பண்ணியிருந்தாலும் பரவால்ல சாமி. கூட்டிக்கினு வந்துர்றேன்."

பச்சையப்பன் ஓடிவந்து வேன் கதவைப் பிடித்தான். "எறங்கு அண்ணி." அவள் அசையவில்லை. அவன் தேசிகனைப் பார்த்தான். "நீங்கதான வருவாருன்னு சொன்னீங்க சாமி. இப்ப நீங்களே சொல்லுங்க."

7

முடிவுகள்.

அ) தேசிகன் சொல்லிவிடுகிறார். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள், பிறகு தூங்குகிறாள். இது நார்வே முடிவு. ரொம்பச் சுத்தமாக இருப்பதால் நம்பிக்கை வரவில்லை.

ஆ) கரும்புக்குள்ளிருந்து முனுசாமி எழுந்து வரு — [சினிமா. வெட்கமாக இருக்கிறது.]

இ) "அடுத்த வாரம்மா" என்கிறார் தேசிகன். அவள் இறங்குகிறாள். இன்றுவரை இரண்டு பேருக்கு ஆக்குகிறாள். இதைத்தான் அவர் என்னிடம் க்ஷேமம் என்றாரோ? என் பலத்த சந்தேகம் இதன்மேல்தான்.

"என்ன சார் சொன்னீங்க அந்தம்மாகிட்ட?" என்று அவரிடமே கேட்டேன். அதற்குள் மாற்று டயருக்குக் காற்றடித்து மாட்டியாகிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார். தேசிகன் பையைத் தூக்கிக்கொண்டு, "சொல்ல வேண்டியதைச் சொன்னேன்" என்றார். கும்மிடிப்பூண்டி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோழை மனுஷன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, அவர் சொல்லாத வாக்கியத்தை நான் எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

"கெங்கம்மா, ஒன் புருசன் —"

[அடித்தேன்.]

"அம்மா, இத்தினி நாளு ஒங்கிட்ட —"

[அடித்தேன்.]

"அன்னிக்குக் கரை ஒடஞ்சப்பவே அவுரு —"

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. அரிசி தீர்ந்தால் தீர்ந்துபோச்சு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். மேலே போய்ப் பாருங்கள். இத்தனை பக்கங்களில் முனுசாமியைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன்? வரவுமில்லை, கிடைக்கவுமில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதும்போது எனக்கே தெரியவில்லை. நாளைக்கு அவன் வந்து நின்றால் என்று நானும் எங்கோ பயந்திருக்கிறேன்.

8

ஆகவே நீங்கள்.

இவ்வளவு நேரம் வெளியே நின்று தேசிகனை எடைபோட்டீர்கள், என்னையும் எடைபோட்டீர்கள். ஹெல்கா படியிலிருந்து எழுந்து உங்களுக்கு வழி விட்டுவிட்டார். பச்சையப்பன் கதவைப் பிடித்தபடி நிற்கிறான். டிரைவர் இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.

கெங்கம்மாள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் வாயைப் பார்க்கிறாள். இன்று பயணம் என்பதால் காலையில் புதிதாக மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறாள். குங்குமம் இன்னும் ஈரமாக இருக்கிறது.

"சொல்லுங்க சாமி," என்கிறாள், "அவுரு எப்ப வருவாரு?"