பூங்கொடியின் களைப்பு

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களின் களைப்பை வாங்கிச் சுமக்கும் வேலைக்குப் போவார்கள். அந்த வேலையைப் பிடித்துக் கொடுப்பவன் நான். பேருந்து நிலையத்து மாடியில் என் அலுவலகம். மின்விசிறி சுற்றும், காற்று வராது.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. பெரியவர் உட்கார்ந்து மனதார ‘அப்பாடா’ என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பிள்ளை அவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தால் போதும், களைப்பு இந்தப் பக்கம் வந்துவிடும். பள்ளி திறப்பதற்குள் பிள்ளை ‘அப்பாடா’ சொன்னால் அது திரும்பிப் போய்விடும். டிரைவர்களின் களைப்பு இடுப்பில் உட்காரும். வாத்தியார்களுடையது தொண்டையில். மண்டபச் சமையல்காரர்களின் களைப்பில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று பையன்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஆனாலும் போவார்கள். வீட்டில் சும்மா கிடந்தால் திட்டு விழுமே.

விதி ஒன்றுதான். சொந்த வீட்டுக் களைப்பை வாங்கக் கூடாது. வாங்கினால், ‘அப்பாடா’ சொன்னாலும் திரும்பாது. என்னுடையதை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதையும் கொடுத்துவிட்டால் இந்த அறையில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

மோகனப்பிரியா பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தாள். அவளுக்கென்று ஒரு வங்கி மேனேஜரின் களைப்பை எடுத்து வைத்திருந்தேன். ஏசி அறையில் வளர்ந்த, சுத்தமான களைப்பு. லேசில் கிடைக்காது.

“வேண்டாங்க சார். எங்கம்மாவோடதுதான் வேணுங்க,” என்றாள்.

அவள் அம்மா பூங்கொடி பெட்ஷீட் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். தைக்கும்போதே கண் சொருகி, ஊசி விரலில் இறங்கிவிட்டது.

“இன்னொருக்கா தூங்குனா வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. அந்த வேலைய விட்டா எங்களுக்கு வேற வழியில்லீங்க.”

“வெளிப் பிள்ளை யாரையாவது அனுப்பறேன் கண்ணு.”

“போன வருசமும்தான் அனுப்புனீங்க. அம்மா உக்காரவே இல்ல. அந்தப் பையன் பொழுதுக்கும் முதுகக் காட்டி உக்காந்துட்டுப் போனான்.”

விதியை விளக்க எனக்கு அலுப்பாக இருந்தது. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

“திரும்பிப் போகாதும்மா,” என்று மட்டும் சொன்னேன்.

“போக வேண்டாங்க. அடுத்த வாரம் எனக்கு ரிசல்ட்டு. அன்னிக்கு உக்காருவாங்க.”

ஒப்படைப்பைப் பார்ப்பதும் என் வேலை என்பதால், ரிசல்ட் அன்று போயிருந்தேன். மோகனப்பிரியா போனைப் பார்த்து, பாஸ் என்றாள். மாவுக் குண்டானோடு நின்றிருந்த பூங்கொடி அதைக் கீழே வைத்தாள். பிறகு தானும் தரையில் உட்கார்ந்து ‘அப்பாடா’ என்றாள். மகள் அதற்குள் முதுகைக் கொடுத்துவிட்டாள். மற்றவர்களுடையது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வந்துவிடும். இது விளக்கு வைக்கும் வரை வந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மோகனப்பிரியா கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கி வாங்கி ஏறினாள். அவளுக்கு முன்னால் பூங்கொடி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். ரெட்டைச் சடை, கையில் உப்புத் தொட்ட மாங்காய். பதினாறு வயது இருக்கும். ஊசி குத்திய தழும்பு இப்போது மோகனப்பிரியாவின் விரலில் இருந்தது.

“மெஷின்ல நான் உக்காந்துக்கிட்டனுங்க. தூங்காமப் பாத்துக்கறேன்,” என்றாள் மோகனப்பிரியா. “இவ நாள் முச்சூடும் மாமரத்துலயே கெடக்கறா. லீவு முடியற வரைக்கும் ஒரு வேலை பாத்துக் குடுங்க.”

வங்கி மேனேஜரின் களைப்பு இன்னும் இருக்கிறது என்றேன். பூங்கொடி மாங்காயை மெல்வதை நிறுத்தினாள்.

“வேண்டாங்க சார். எங்க மோகனாவோடதுதான் வேணுங்க.”

“திரும்பிப் போகாதும்மா.”

“போக வேண்டாங்க.”

மோகனப்பிரியாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. கம்பெனிக்கு நேரமாகிறது என்று, மாங்காய்ச் சாறு வழிந்த பூங்கொடியின் முகவாயைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஜூனில் நானே அலைந்து பூங்கொடியைப் பதினோராம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். கணக்கு மட்டும் கொஞ்சம் தகராறு, மற்றபடி நன்றாகப் படிக்கிறாள். அடுத்த மே மாதம் அவளுக்கு ரிசல்ட் வரும். அன்னிக்கு மோகனா உக்காருவா என்கிறாள்.