சூடான முனையில் ஒரு ஸ்டூல்

எலிக்குக் குளிர்ச்சி பிடிக்குமா, வெதுவெதுப்பு பிடிக்குமா என்று எலியிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் பிழைப்பு. ஆய்வகத்தில் நீளமான அலுமினியத் தொட்டி ஒன்று உண்டு. ஜன்னல் பக்க முனை சில்லென்று இருக்கும், சுவர்ப்பக்க முனை சுடும். நடுவில் விட்டால் எலி தனக்குப் பிடித்த இடத்தில் போய் உட்காரும். அட்ரினலின் போல வேலை செய்யும் மருந்தை ஊசியில் ஏற்றினால் அந்த இடம் மாறுகிறதா என்று பார்ப்பேன்.

மாறியது. முதலில் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்துக்குப் பதில் வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்ட எலிகள் நடுவிலேயே சொகுசாகக் கிடந்தன. அடுத்த மாதம் மருந்து போட்டவை ஒன்றுவிடாமல் குளிர்முனைக்கு ஓடின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைத்தலைவி இதை ஏற்றுக்கொண்டால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். கண்ணாடி முன் நின்று நன்றியுரைகூடப் பேசிப் பார்த்துவிட்டேன்.

வீட்டில்தான் மதிப்பில்லை. கொஞ்ச நாளாக எனக்கு ஓயாமல் குளிர்கிறது. மனைவிக்கோ ஏசி இல்லாமல் தூக்கம் வராது. நான் தினமும் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவேன். அன்று காலை ஏசி ரிமோட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

துறைத்தலைவி நேரில் பார்க்க வந்தார். உப்புத்தண்ணீர் எலியைத் தொட்டியில் விட்டுவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது நேராகக் குளிர்முனைக்குப் போய்ச் சுருண்டுகொண்டது.

"இதுக்கு மருந்து போடலதானே?"

"இல்ல மேடம். இது கொஞ்சம் பிடிவாதக்கார எலி."

கைபேசி அடித்தது. சிக்னலுக்காக ஜன்னலோரம் போனேன்.

"ஏங்க, ரிமோட்டை எங்க ஒளிச்சு வெச்சீங்க?" என்றாள் மனைவி.

நான் வாயைத் திறப்பதற்குள் எலி அலறியடித்துக்கொண்டு சூடான முனைக்கு ஓடியது. பதறிப்போய் ஸ்டூலுக்குத் திரும்பினேன். எலியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

துறைத்தலைவி எலியை விட்டுவிட்டு ஸ்டூலைப் பார்த்தார். அது சூடான முனையை ஒட்டிக் கிடந்தது.

"எப்பவும் இங்கதான் உக்காருவீங்களா?"

"முன்னாடி தொட்டிக்குத் தள்ளி, கதவுகிட்ட உக்காருவேன் மேடம். போன மாசத்துல இருந்துதான் இங்க. ரொம்பக் குளிருது."

"உடம்புக்கு என்ன?"

"ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறேன். அது அட்ரினலினை..."

அட்ரினலினைத் தடுக்கிற மாத்திரை. அதைச் சாப்பிட்டால் கைகால் சில்லிடும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவனே நான்தான். எலிகள் குளிரைத் தேடிப் போகவில்லை, என்னிடமிருந்து தப்பித்து ஓடியிருக்கின்றன. அவமானத்தில் காது சுட்டது. உடம்பில் சூடாக இருந்தது அது மட்டும்தான்.

"அப்போ உங்க ஆராய்ச்சியில மிஞ்சறது என்ன?"

"மருந்து உள்ள போனா பிராணி இடம் மாறி உக்காரும் மேடம். ஒரே ஒரு பிராணிதான். நான்."

அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் திரும்பப் பண்ணுங்க. நீங்க வெளியில நில்லுங்க. நிரந்தரம் பத்தியெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கையிலிருந்த கைபேசியை அப்போதுதான் கவனித்தேன். இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. காதில் வைத்தேன்.

"ஏங்க, மாத்திரையாலதான் குளிருதா?" என்றாள் மனைவி. "நீங்க என்னைப் பிடிக்காமத்தான் ஹாலுக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

குளிர்தான், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். ரிமோட் என் சட்டைப்பையில் இருப்பதையும் சொன்னேன்.