எலிக்குப் பிரசவம், எனக்குக் கல்யாணம்

கல்யாணத்துக்கு ஆவணி இருபத்தெட்டு என்று மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் சொல்லி வாய் மூடவில்லை.

"அன்னிக்கு வேணாம் அத்தை" என்றாள் மணிமொழி.

வேங்கிக்காலில் மணிமொழி வீட்டு ஹாலில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "மாப்பிள்ளைய பிடிக்கலையாம்மா?" என்று அப்பா அப்பாதுரை மெல்லக் கேட்டார்.

"ஐயோ, அது இல்லப்பா. அன்னிக்கு எலிங்களுக்குப் பிரசவம்."

கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கான மாப்பிள்ளை வளவனுக்குக் காபி புரையேறியது.

மணிமொழி வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். பிறந்த எலிக்குட்டியின் ஈரலில் கிளைக்கோஜன் என்று சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். தாய்ப்பால் சுரக்கும் வரை அதைக் கரைத்துத்தான் குட்டி பிழைக்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று அந்தக் கரைப்பைத் தடுக்கிறதா என்று பார்க்க, குட்டிகள் பால் குடிப்பதற்கு முன்பே ஈரல் செல்களை எடுத்தாக வேண்டும் என்று விளக்கினாள்.

"ரெண்டு தடவை தடுத்துச்சு. மூணாவது தடவையும் தடுத்தாத்தான் பிஎச்டி. இந்த எலிங்களை விட்டா, வேற எலிங்களுக்கு அனுமதி வாங்க ஆறு மாசம் ஆவும்."

"அடுத்தது புரட்டாசிங்க" என்றான் வளவன் பரிதாபமாக. "ஐப்பசி வரைக்கும் நான் இன்னா பண்றது?"

"கிரிவலம் போங்க. நடுவுல பௌர்ணமி வருதில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள், ராஜம்மாளைத் தவிர. "அந்த மாத்திரை பேரு இன்னாம்மா?"

மணிமொழி சொன்னாள்.

"இவன் வயித்துல இருக்கும்போது அதைத்தான் எனக்குக் குடுத்தாங்க. பொறந்ததும் சர்க்கரை கம்மின்னு மூணு நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. நான் ஒழுங்கா சாப்பிடாததாலதான்னு எங்க மாமியார் சாவற வரைக்கும் சொன்னாங்க." ராஜம்மாளின் குரல் தணிந்தது. "அப்போ அது என் தப்பு இல்லையா?"

"எலிய வெச்சு உங்களுக்கு உறுதியா சொல்ல முடியாது அத்தை. ஆனா நீங்க சாப்பிடாததுதான் காரணம்னு எனக்குத் தோணலை."

ராஜம்மாள் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, புரட்டாசியைத் தாண்டிப் புரட்டினாள்.

"அம்மா! எனக்குக் கல்யாணம்மா!"

"முப்பது வருஷம் நான் பேச்சு கேட்டேன்டா. நீ ரெண்டு மாசம் சும்மா இரு."

வளவன் மணிமொழி பக்கம் சாய்ந்தான். "அந்தக் குட்டிங்களைப் பார்க்க நானும் வரலாமா? ஒரே மாத்திரையால நாங்க சொந்தக்காரங்களாச்சே."

"வாங்க. பாவம்னு பால் மட்டும் ஊத்திடாதீங்க."